ஹெலன்ஸ்பர்க் விலங்குப் பூங்காவுக்குப் போகுமுன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிட்னியில் வாழும் தமிழர்களுக்கு ஹெலன்ஸ்பர்க் என்றதும் நினைவுக்கு வருவது வெங்கடேஸ்வரர் கோயில்தான். அந்தக் கோயிலிலிருந்து காரில் சில நிமிடத் தொலைவில், லாரன்ஸ் ஹார்கிரேவ் சாலையில், சிம்பியோ என்னும் சிறிய விலங்குப் பூங்கா இருக்கிறது. ஊரிலிருந்து பெற்றோரோ உறவினரோ வரும்போது தரிசனம் முடிந்து அவர்களை இங்கே அழைத்துச் செல்லும் குடும்பங்கள் பல. அப்படிப் போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு, பல முறை போய் நின்று பார்த்த அனுபவத்தையும் இந்த விலங்குகளைப் பற்றிப் படித்தறிந்ததையும் வைத்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

சிட்னியிலிருந்து எப்படிப் போவது?

தெற்கே வொலங்கொங் செல்லும் நெடுஞ்சாலையில் வந்து, ஹெலன்ஸ்பர்க் பிரிவில் இறங்கினால் போதும். நகரின் பெரும்பாலான பகுதிகளிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். ஹெலன்ஸ்பர்க்கில் ரயில் நிலையம் உண்டு என்றாலும், அங்கிருந்து பூங்காவரை நடப்பது முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் எளிதன்று. ஆகவே காரில் செல்வதே நல்லது. நுழைவுக் கட்டணமும் திறந்திருக்கும் நேரமும் மாறக்கூடியவை என்பதால், கிளம்புமுன் பூங்காவின் இணையதளத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நகருக்குள்ளேயே தாரோங்கா இருக்கும்போது இவ்வளவு தூரம் ஏன் வர வேண்டும்?

தாரோங்கா 1916 முதல் துறைமுகத்தின் கரையில், ஏறத்தாழ 28 ஹெக்டேர் சரிவில் இயங்கும் பெரிய விலங்குக் காட்சிசாலை. அதன் ஆராய்ச்சிப் பணியும் விலங்கு மருத்துவமனையும் மதிப்புக்குரியவை. ஆனால் ஒரே நாளில் ஒட்டகச்சிவிங்கியையும் புலியையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று ஓடும் குடும்பம், ஆஸ்திரேலியாவுக்கே உரிய விலங்குகளின் முன்னால் இரண்டு நிமிடம்கூட நிற்பதில்லை. சிறிய பூங்காவில் அந்த அவசரம் இல்லை. சிம்பியோவிலும் சிவிங்கிப்புலி, செம்பாண்டா, லெமூர் போன்ற வெளிநாட்டு விலங்குகள் உண்டு. ஆயினும் கங்காரு, அதன் சிறிய உறவான வாலபி, கோலா, வாம்பட், எக்கிட்னா ஆகியவற்றை அருகில் நின்று, வேண்டிய நேரம் எடுத்துக்கொண்டு பார்ப்பதற்காகவே நான் இந்த இடத்தைப் பரிந்துரைக்கிறேன்.

எந்த நேரத்தில் போவது நல்லது? எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்கான விடைதான் உங்கள் நாள் எப்படி அமையும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. ஆஸ்திரேலியாவின் பாலூட்டிகளில் பெரும்பாலானவை அந்தியிலும் இரவிலும் விடியலிலும் நடமாடுபவை. கோயிலில் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தால், கங்காருக்கள் நிழலில் படுத்திருக்கும், வாம்பட் வளைக்குள் இருக்கும், கோலா கிளைக் கவட்டில் உருண்டையாகச் சுருண்டிருக்கும். வந்தவர்கள் "எல்லாம் தூங்குகிறதே" என்று சொல்லிக்கொண்டு அரை மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள்.

எனவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். காலையில் பூங்கா திறந்தவுடன் உள்ளே போய், குறைந்தது மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, பிறகு கோயிலுக்குப் போகலாம். காலையில்தான் பெரும்பாலான விலங்குகளுக்கு உணவு வைக்கப்படுகிறது. கங்காருக்களுக்கும் பசி இருக்கும், கூட்டமும் குறைவு. பராமரிப்பாளர்கள் ஒவ்வொரு விலங்கின் அருகிலும் நின்று பேசும் நேரங்கள் நுழைவாயிலில் எழுதப்பட்டிருக்கும். அவற்றில் இரண்டையாவது தேர்ந்தெடுத்துக்கொண்டு, மற்ற நேரத்தை அவற்றுக்கு இடையில் அமைத்துக்கொள்வது நல்லது.

கோலாவைக் கையில் தூக்கிப் படம் எடுத்துக்கொள்ளலாமா?

முடியாது. நியூ சவுத் வேல்ஸ் மாநில விதிகளின்படி பார்வையாளர்கள் கோலாவைத் தூக்கக் கூடாது. பராமரிப்பாளர் உடன் இருக்கையில், மரக்கிளையில் அமர்ந்திருக்கும் கோலாவின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். குயின்ஸ்லாந்தில் தூக்கிவைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்றாலும், அங்கும் ஒரு கோலாவை ஒரு நாளில் அரை மணி நேரத்துக்கு மேல் இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று கட்டுப்பாடு இருக்கிறது. 1927 முதல் இயங்கிவரும் பிரிஸ்பேனின் லோன் பைன் சரணாலயமே 2024-இல் இந்த வழக்கத்தைக் கைவிட்டுவிட்டது. ஊரிலிருந்து வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும் என்பதை அறிவேன். முன்கூட்டியே காரணத்தைச் சொல்லி அழைத்து வந்தால் அந்த ஏமாற்றம் பெரிதாக இருப்பதில்லை. கோலாவின் அமைதி பல வேளைகளில் அதன் உடலில் மிச்சமில்லாத ஆற்றலின் அடையாளம். அது கைக்குக் கை மாறுவதை விரும்புகிறது என்று அதற்குப் பொருள் இல்லை.

கோலா ஏன் எந்நேரமும் தூங்குகிறது? மயக்கத்தில் இருக்கிறதா?

மயக்கம் இல்லை. யூக்கலிப்டஸ் இலை கோலாவுக்குப் போதை ஊட்டுகிறது என்பது பலரும் நம்பும் தவறான செய்தி. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஆங்கிலேயர் காலத்தில் நட்டு வளர்த்த தைல மரத்தை நாம் நன்றாக அறிவோம். அந்த மரங்களின் தாயகம் ஆஸ்திரேலியா. நாம் சளிக்கு மூக்கருகில் வைத்து முகரும் அதே நீலகிரித் தைலம் நிறைந்த இலைதான் கோலாவின் உணவு. அந்த இலையில் சத்து குறைவு, நார் மிகுதி, மற்ற விலங்குகளுக்கு நஞ்சாகக்கூடிய பொருள்களும் உண்டு. அவற்றைச் செயலிழக்கச் செய்யும் திறன் கோலாவின் கல்லீரலுக்கு இருக்கிறது. ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளமுள்ள பெருங்குடல்வாயில் (பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பை) வாழும் நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. இவ்வளவு வேலைக்குப் பிறகு கிடைக்கும் ஆற்றல் மிகக் குறைவு என்பதால், நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேலாக அது அசையாமல் இருந்து அந்த ஆற்றலைச் சேமிக்கிறது.

குட்டி கோலா பிறக்கும்போதே இந்தத் திறனோடு பிறப்பதில்லை. ஆறு மாத அளவில் பையிலிருந்து தலையை நீட்டத் தொடங்கும்போது, தாயின் குடலிலிருந்து வரும் பசை போன்ற ஒரு தனி வகைக் கழிவை அது உண்கிறது. அதன் வழியாகவே இலையைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் குட்டியின் வயிற்றுக்குள் போய்ச் சேர்கின்றன. கேட்பதற்கு அருவருப்பாகத் தோன்றினாலும், தாய்ப்பாலுக்கு அடுத்தபடியாகத் தாய் தரும் கொடை அது.

கோலா விழித்திருக்கும் வேளையில் உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால் அதன் கையைக் கவனியுங்கள். ஐந்து விரல்களில் இரண்டு, நம் கட்டைவிரலைப் போல மற்ற மூன்றுக்கும் எதிராக மடங்கி, கிளையை இடுக்கிபோல் பற்றிக்கொள்ளும். விரல் நுனியில் நமக்கு இருப்பது போன்ற ரேகைகளும் உண்டு. ஒரு கொத்தை இழுத்து, ஒவ்வொரு இலையாக முகர்ந்து பார்த்து, சிலவற்றை ஒதுக்கிவிட்டு ஒன்றை மட்டும் வாயில் வைப்பதை ஐந்து நிமிடம் பொறுமையாகப் பார்த்தால், இது சோம்பேறி விலங்கு என்ற எண்ணம் போய்விடும். கோலா கரடி இனம் இல்லை என்பதையும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். அது பைப்பாலூட்டி. வாம்பட்தான் அதற்கு நெருங்கிய உறவு.

2022-இல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், தலைநகர்ப் பகுதி ஆகிய இடங்களின் கோலாக்கள் அழியும் நிலையில் உள்ளவை என்று மத்திய அரசு அறிவித்தது. காடழிப்பு, 2019–20 கோடைக் காட்டுத்தீ, கிளமிடியா நோய், நாய், வாகனம் என்று காரணங்கள் பல.

கங்காருவுக்கு நாமே உணவு கொடுக்கலாமா? கோயில் பிரசாதமோ வாழைப்பழமோ கொடுத்தால் என்ன?

பூங்காவில் தரும் தீவனத்தை மட்டும் கொடுங்கள். வேறு எதையும் கொடுக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், புளியோதரைப் பொட்டலத்தையும் ரொட்டித் துண்டையும் பாசத்தோடு நீட்டும் நம்மவர்களைப் பல முறை பார்த்திருக்கிறேன். நமக்கு அது அன்னதானம், கங்காருவுக்கு அது நோய். ரொட்டி போன்ற மென்மையான, மாவுச்சத்து மிகுந்த உணவு பல்லிடுக்கில் ஒட்டிக்கொண்டு ஈறில் புண்ணை உண்டாக்கும். அந்தப் புண் வழியாகக் கிருமிகள் தாடை எலும்புக்குள் இறங்கினால் தாடை வீங்கி, புல்லையே மெல்ல முடியாமல் அது பட்டினியால் இறக்கும் நிலை வரக்கூடும்.

கொடுக்கும் முறை எளியது. தீவனத்தை உள்ளங்கையில் வைத்து, விரல்களை நன்றாக விரித்துத் தட்டுபோல் நீட்டுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து குனிவதைவிட, பக்கவாட்டில் மெல்ல அமர்ந்துகொள்வது நல்லது. கங்காரு தன் முன்னங்கைகளால் உங்கள் மணிக்கட்டைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். நகம் இலேசாக உறுத்தும், உதடு ஈரமாகவும் மிருதுவாகவும் உள்ளங்கையைத் துழாவும். அந்த நொடியில் அஞ்சிக் கையை உதறினால் அதுவும் அஞ்சித் தாவும். தொட விரும்பினால் தோளையோ முதுகையோ தடவுங்கள். தலை, வால், பை ஆகியவற்றைத் தொட வேண்டாம். கங்காரு எழுந்து விலகிச் சென்றால் பின்தொடரக் கூடாது என்பதைக் குழந்தைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெயில் நாளில் கங்காரு தன் முன்னங்கையை நக்கிக்கொண்டே இருக்கும். புண் இருக்கிறதோ என்று கவலைப்பட வேண்டாம். அங்கே தோலுக்கு மிக அருகில் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. எச்சில் ஆவியாகும்போது இரத்தம் குளிர்கிறது.

பையில் இருக்கும் குட்டியைப் பார்க்க முடியுமா?

பெரும்பாலும் முடியும். ஆனால் நீங்கள் எதிர்பார்ப்பதுபோல் ஓர் அழகிய முகம் எட்டிப் பார்க்கும் என்று சொல்ல இயலாது. பல வேளைகளில் தென்படுவது பையின் வாயிலிருந்து துருத்திக்கொண்டிருக்கும் இரண்டு நீண்ட பின்னங்கால்கள் மட்டும்தான். குட்டி தலைகீழாகப் பைக்குள் பாய்ந்து, உள்ளேயே புரண்டு திரும்பும். அது திரும்பும்போது தாயின் வயிறு அலையடிப்பதுபோல் அசைவதை நன்றாகக் காணலாம்.

இதன் பின்னால் உள்ள செய்தியை அறிந்துகொண்டு பார்த்தால் வியப்பு இன்னும் கூடும். ஐந்து வாரம் மட்டுமே கருவில் இருந்து, ஒரு கிராம்கூட எடையில்லாத, கண் திறவாத, அவரை விதை அளவுள்ள குட்டியாக அது பிறக்கிறது. பிறந்த உடனே தன் முன்னங்கைகளால் தாயின் ரோமத்தைப் பற்றிப் பற்றித் தானே ஏறி, பைக்குள் நுழைந்து, காம்பு ஒன்றைக் கவ்விக்கொள்கிறது. காம்பின் நுனி அதன் வாய்க்குள் பருத்துவிடுவதால், பல வாரங்களுக்குப் பிடி விடுவதில்லை. சாம்பல் கங்காருவின் குட்டி முழுவதுமாகப் பையை விட்டு வர ஏறத்தாழ பதினொரு மாதம் ஆகும். செங்கங்காருத் தாய் ஒரே காலத்தில் வெளியே ஓடும் குட்டிக்கு ஒரு வகைப் பாலையும், பைக்குள் இருக்கும் பச்சைக் குட்டிக்கு வேறொரு வகைப் பாலையும் வெவ்வேறு காம்புகளில் சுரக்கும். அதே நேரத்தில் வயிற்றில் ஒரு கரு வளர்ச்சி நிறுத்தப்பட்டுக் காத்திருக்கவும் கூடும். ஊரிலிருந்து வரும் நம் அம்மாக்களும் பாட்டிகளும் இந்தச் செய்தியைக் கேட்டதும் அந்தத் தாய் கங்காருவை வேறு கண்ணோடு பார்ப்பதை ஒவ்வொரு முறையும் கண்டிருக்கிறேன்.

வாம்பட்டும் எக்கிட்னாவும் எப்படிப்பட்டவை?

வாம்பட் வளை தோண்டும் விலங்கு. அதன் பை பின்பக்கம் நோக்கித் திறப்பதால், தோண்டும்போது மண் குட்டியின் மேல் விழுவதில்லை. அதன் கழிவு கனசதுர வடிவில் இருக்கும். குடலின் கடைசிப் பகுதியில் சுவர் சில இடங்களில் விறைப்பாகவும் சில இடங்களில் நெகிழ்வாகவும் இருப்பதால் அந்த வடிவம் வருகிறது. எல்லையைக் காட்டக் கல்லின்மேலும் மரக்கட்டையின்மேலும் வைக்கும் கழிவு உருண்டு விழுவதில்லை. குழந்தைகள் மறக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோகும் செய்தி இதுதான்.

எக்கிட்னா முட்டையிட்டுப் பால் கொடுக்கும் விலங்கு. உலகில் இவ்வகையில் எஞ்சியிருப்பவை எக்கிட்னாக்களும் பிளாட்டிபஸும் மட்டுமே. அதை முள்ளம்பன்றி என்று பலர் சொல்வார்கள். முள் இருப்பதைத் தவிர இரண்டுக்கும் உறவில்லை. பல்லில்லாத குழாய் வாயிலிருந்து நீண்ட நாக்கு மின்னலாய் வந்து போகும். அச்சம் ஏற்பட்டால் அது ஓடாமல், நின்ற இடத்திலேயே நேர்கீழாக மண்ணுக்குள் இறங்கிவிடும். சில நொடிகளில் முள்கள் மட்டுமே வெளியே தெரியும்.

பிளாட்டிபஸைப் பார்க்க முடியுமா?

சிறிய பூங்காக்களில் இதை எதிர்பார்க்காதீர்கள். அதை வளர்ப்பது மிகக் கடினம். 1943-இல் விக்டோரியாவின் ஹீல்ஸ்வில் சரணாலயத்தில் டேவிட் ஃபிளே என்பவரின் பராமரிப்பில்தான் முதன்முதலாக மனிதர் வளர்ப்பில் ஒரு பிளாட்டிபஸ் குஞ்சு பிறந்தது. சிட்னியில் பார்க்க விரும்பினால் தாரோங்காவுக்குப் போகலாம். ஆனால் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஹெலன்ஸ்பர்க்கை ஒட்டியுள்ள ராயல் தேசியப் பூங்காவின் ஹேக்கிங் ஆற்றிலிருந்து பல பத்தாண்டுகளுக்கு முன்பே மறைந்துபோயிருந்த பிளாட்டிபஸ், 2023-இல் மீண்டும் அங்கே கொண்டுவந்து விடப்பட்டது.

டாஸ்மேனியன் டெவில் ஏன் பெருநிலத்துப் பூங்காக்களில் இருக்கிறது?

ஆஸ்திரேலியப் பெருநிலத்தில், ஊனுண்ணும் பைப்பாலூட்டியான இவ்விலங்கு ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டது. எஞ்சியிருந்த டாஸ்மேனியத் தீவில் 1996-இல் முகத்தில் கட்டி வளரும் ஒரு புற்றுநோய் கண்டறியப்பட்டது. ஒன்றையொன்று கடிக்கும்போது புற்று உயிரணுக்களே நேராகத் தாவிப் பரவும் மிக அரிய நோய் அது. இனமே அழிந்துவிடக்கூடும் என்ற அச்சத்தில், நோயில்லாத விலங்குகளைத் தனியே வளர்த்துக் காக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. இன்று பெருநிலத்தின் பல பூங்காக்களில் இவ்விலங்கு வளர்க்கப்படுவதற்கு இந்த முயற்சியே காரணம். 2020-இல் நியூ சவுத் வேல்ஸின் பாரிங்டன் டாப்ஸ் பகுதியில், வேலியிட்ட ஒரு காப்பகத்தில் சில விலங்குகள் விடப்பட்டன. உணவு வைக்கும் நேரத்தில் அதன் அலறலைக் கேட்டு அஞ்ச வேண்டாம். சண்டையைத் தவிர்க்கவே அது அவ்வளவு சத்தம் போடுகிறது.

விலங்குகளை வேலிக்குள் வைத்திருப்பது சரிதானா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகள் கேட்கிறார்கள். அவர்களுக்கு மழுப்பாமல் விடை சொல்ல வேண்டும். காட்டில் சுதந்திரமாக இருப்பதற்கு எந்தப் பூங்காவும் ஈடாகாது. அதே வேளையில், இங்குள்ள விலங்குகளில் பல பூங்காக்களிலேயே பிறந்தவை. டெவில் போன்றவற்றுக்கு இத்தகைய வளர்ப்பு இல்லையேல் இனத்தின் எதிர்காலமே கேள்விக்குறியாகியிருக்கும். என் கருத்தில், ஒரு பூங்காவை மதிப்பிடச் சில அடையாளங்கள் போதும். மனிதர் நுழைய முடியாத ஓய்விடம் விலங்குக்கு இருக்கிறதா, அது அங்கே போய்விட்டால் யாரும் வெளியே இழுத்து வராமல் இருக்கிறார்களா, கோலாவின் முன்னால் அன்று வெட்டிய புதுக்கிளை இருக்கிறதா என்று பாருங்கள். வேலிக்குள் கங்காருக்களுக்கென ஒதுக்கிய அந்த ஓய்விடத்தைக் காட்டி, அங்கே நாம் ஏன் போகக் கூடாது என்று குழந்தைக்கு விளக்குவது, எந்தப் பலகையைப் படிப்பதைவிடவும் பயனுள்ளது.

ஈமுவைப் பற்றி ஊர்க்காரர்கள் நிறையக் கேட்கிறார்களே?

ஆம், 2012-இல் பெருந்துறைப் பக்கம் வெடித்த ஈமு பண்ணை மோசடியால் நம் ஊரில் அந்தப் பெயரே பணம் இழந்த கதையாகிவிட்டது. இழந்தவர்களின் வேதனை பெரிது, பறவைமீது குற்றமில்லை. இங்கே அதை அதன் சொந்த மண்ணில் பாருங்கள். கரும்பச்சை முட்டைகளை இடுவது பெண், எட்டு வாரம் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்ப்பது ஆண். அடைகாக்கும் நாள்களில் ஆண் ஏறத்தாழ எதையும் உண்பதில்லை.

குக்கபரா நம் மீன்கொத்தியின் உறவு, அந்தக் குடும்பத்தில் மிகப் பெரியது. சிரிப்பதுபோல் அது எழுப்பும் ஒலி, இது எங்கள் இடம் என்று அக்கம்பக்கத்துக் கூட்டங்களுக்கு விடும் அறிவிப்பு. சுற்றுவட்டாரத்தில் கூண்டில்லாமல் திரியும் குக்கபராக்கள் கையிலிருக்கும் சாப்பாட்டைப் பறித்துக்கொண்டு போகும் என்பதால், குழந்தைகள் சாப்பிடும்போது அருகில் இருங்கள்.

இந்த விலங்குப் பெயர்கள் எந்த மொழிச் சொற்கள்?

கோலா, வாம்பட், வாலபி, டிங்கோ (ஆஸ்திரேலியக் காட்டுநாய்) ஆகிய பெயர்கள் சிட்னிப் பகுதிப் பழங்குடியினரின் தருக் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்தவை. குக்கபரா விராஜூரி மொழிச் சொல். கங்காரு என்னும் பெயரை 1770-இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பலில் வந்தவர்கள் வடக்கே கூகு யிமிதிர் என்னும் பழங்குடி மக்களிடமிருந்து கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். அதற்கு "எனக்குத் தெரியாது" என்று பொருள் என்பது கட்டுக்கதை. அந்த மொழியில் அது ஒரு வகைக் கங்காருவின் உண்மையான பெயர்.

முதியவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாகப் போகலாம். பூங்கா சிறியது, உட்காரப் புல்வெளியும் இருக்கைகளும் உண்டு. ஹெலன்ஸ்பர்க் மலைவிளிம்பில் இருப்பதால் சிட்னியில் வெயில் அடிக்கும் நாளில்கூட இங்கே பனிமூட்டமும் குளிர்காற்றும் இருக்கலாம். ஊரிலிருந்து வந்த பெரியவர்களுக்கு ஒரு ஸ்வெட்டர் அவசியம். கோயிலுக்குச் செல்வதற்காகப் பட்டுப்புடவையில் வந்தவர்கள் கங்காரு அருகே அமரத் தயங்குவார்கள் என்பதால், மாற்று உடை எடுத்து வருவது உதவும். விலங்குகளைத் தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதை மறக்க வேண்டாம்.

திரும்பும் வழியில் சாலையோரம் அடிபட்ட விலங்கைக் கண்டால் என்ன செய்வது?

மாலையில் இந்தப் பகுதிச் சாலைகளில் வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள். வாலபியும் வாம்பட்டும் மானும் திடீரென்று குறுக்கே வரும். அடிபட்ட விலங்கைக் கண்டால், முதலில் காரைப் பாதுகாப்பாக ஓரம் கட்டி, விளக்குகளை எரியவிட்டு, காட்டுயிர் மீட்புத் தொண்டு அமைப்பான வயர்ஸுக்குத் தொலைபேசியில் அழையுங்கள். அந்த அமைப்பின் எண்ணை இன்றே கைபேசியில் பதிந்துவைத்துக்கொள்ளுங்கள். இறந்து கிடப்பது பெண் கங்காருவாகவோ வாம்பட்டாகவோ இருந்தால், பைக்குள் குட்டி உயிரோடு இருக்க வாய்ப்புண்டு. காம்பைக் கவ்வியிருக்கும் சிறு குட்டியை ஒருபோதும் பிய்த்து எடுக்காதீர்கள், அதன் வாய் கிழிந்துவிடும். தொலைபேசியில் அவர்கள் சொல்வதுபோல் மட்டும் செய்யுங்கள். பையை விட்டு வெளியே வந்துவிட்ட குட்டி என்றால், ஒரு துண்டிலோ துப்பட்டாவிலோ தலைவரை சுற்றி, இருட்டாகவும் கதகதப்பாகவும் சத்தமில்லாமலும் வைத்திருங்கள். பாலோ தண்ணீரோ புகட்ட வேண்டாம். காரில் பாட்டை நிறுத்திவிட்டு, மீட்பாளர் வரும்வரை அதை மடியிலேயே அணைத்து வைத்திருந்தால் போதும்.